கிளட்ச்சும் ஆக்சிலேட்டரும்: புதிதாக பைக் பழகுபவர்கள் கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கியர் வண்டி பழகுபவர்களும், அவர்களுக்குச் சொல்லித் தரும் வீட்டுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வண்டி 100 முதல் 160 சிசி வரையுள்ள சாதாரண பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்ப்ளெண்டர், ஷைன், பிளாட்டினா, பல்சர், அப்பாச்சி போல. புல்லட்டுக்கும் அடிப்படை இதுதான், இடது கைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும்.

கிளட்ச்ச விட்டதுமே வண்டி ஆஃப் ஆயிடுது. நான் இன்னா தப்பு பண்றேன்?

கிளட்ச்சை சுவிட்ச் மாதிரி நினைத்து விடுகிறீர்கள். பிடித்தால் ஆஃப், விட்டால் ஆன் என்று கை நினைத்துக்கொள்கிறது.

வண்டி சும்மா நிற்கும்போது இஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று ஓடுகிறது. பின் சக்கரமோ அசையாமல் நிற்கிறது. ஓடுவதையும் நிற்பதையும் ஒரே நொடியில் கட்டிப்போட்டால் இரண்டில் ஒன்று தோற்க வேண்டும். வண்டியும் நீங்களும் சேர்ந்து 170, 180 கிலோ. ஆக்சிலேட்டர் கொடுக்காத இஞ்சினுக்கு அந்த எடையைத் திடீரென்று இழுக்கத் தெம்பு கிடையாது. அதனால் இஞ்சின் தோற்று ஆஃப் ஆகிறது. ஆக்சிலேட்டரை அதிகமாக முறுக்கிவிட்டு இதையே செய்தால் இஞ்சின் ஜெயிக்கும், வண்டி தவ்வும். ஆஃப் ஆவதும் தவ்வுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். மருந்தும் ஒன்றே: பிடிக்கும் இடத்தில் கையை நிறுத்தப் பழகுவது.

"பிடிக்கும் இடம்" என்பது எது?

லிவரை முழுவதும் இழுத்துப் பிடித்து, மெதுவாக விட்டுக்கொண்டே வந்தால் முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு கட்டத்தில் இஞ்சின் சத்தம் லேசாக அடங்கும், வண்டி முன்னால் போகப் பார்க்கும். அங்கிருந்துதான் கிளட்ச் பிடிக்கத் தொடங்குகிறது. இன்னும் கொஞ்ச தூரம் விட்டால் முழுதாகப் பிடித்துவிடும். மிச்சமுள்ள தூரத்தில் மறுபடி ஒன்றும் நடக்காது. ஆக, லிவரின் மொத்த ஓட்டத்தில் வேலை நடப்பது நடுவில் உள்ள ஒரு சிறு பகுதியில் மட்டும்தான். பெரும்பாலான வண்டியில் அது விரல் கனத்துக்கு மேல் இருக்காது. கிளட்ச் பழகுவது என்றால் அந்த விரல் கனத்தைக் கைக்கு மனப்பாடம் ஆக்குவதுதான்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் கை சீக்கிரம் பழகும். இஞ்சினோடு சுற்றும் உராய்வுப் பிளேட்டுகளும், கியர்பாக்ஸோடு சேர்ந்த இரும்புப் பிளேட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியிருக்கும். ஸ்பிரிங்குகள் அந்த அடுக்கை அழுத்திக்கொண்டிருக்கும். லிவரை இழுத்தால் ஸ்பிரிங் அழுத்தம் விலகும், பிளேட்டுகள் தனித்தனியாகச் சுற்றும். பாதி விட்டால் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே, வேகமாகச் சுற்றுவது மெதுவாகச் சுற்றுவதைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகும். அந்தத் தேய்ப்புக்கு நீங்கள் நேரம் கொடுத்தால் வண்டி பூப்போல நகரும்.

"ஹாஃப் கிளட்ச் போட்டா பிளேட் போயிடும்"னு மாமா திட்டுறார். உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் சொல்லிக் கொடுப்பதால்தான் பலர் பயந்து, கிளட்ச்சைச் சட்டென்று விட்டுப் பழகுகிறார்கள்.

நம் ஊர் பைக்குகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பிளேட்டுகள் இஞ்சின் ஆயிலில் நனைந்தபடி ஓடுகின்றன. தேய்ப்பில் வரும் சூட்டை ஆயில் எடுத்துக்கொண்டு போகும். வண்டி நகரத் தொடங்கும்போதும், நடை வேகத்தில் நெரிசலில் ஊரும்போதும், யூ-டர்ன் எடுக்கும்போதும் ஹாஃப் கிளட்ச் இல்லாமல் முடியாது. கிளட்ச்சைச் செய்ததே அதற்காகத்தான். மைதானத்தில் ஒரு மணி நேரம் பழகுவதால் பிளேட் போய்விடாது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இஞ்சினை ஐந்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுங்கள், சித்திரை வெயிலில் கட்டாயமாக.

பிளேட்டைத் தின்பவை வேறு. ஓடும்போது சும்மாவே லிவர் மேல் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு போவது. மேட்டில் பிரேக் பிடிக்காமல், ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைப்பது. சிக்னலில் முதல் கியரில் கிளட்ச்சைப் பாதி மட்டும் பிடித்தபடி ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விடுவது. மூன்றாம் கியரில் கிளம்புவது. மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

முதல் நாள் எப்படி ஆரம்பிக்க வேண்டும்?

இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல். ஆர்வமாக வந்தவருக்கு இது சப்பென்றுதான் இருக்கும். ஆனால் இந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் இரண்டாவது வாரத்திலும் தவ்விக்கொண்டிருக்கிறார்கள்.

சமதளத்தில் வண்டிமேல் உட்கார்ந்து இரண்டு காலையும் ஊன்றிக்கொள்ளுங்கள். சாவி ஆஃப். கிளட்ச்சை முழுவதும் பிடித்து முதல் கியர் போடுங்கள். நின்ற வண்டியில் கியர் விழவில்லை என்றால் வண்டியைக் காலால் முன்னும் பின்னும் அரை அடி ஆட்டிக்கொண்டே மிதியுங்கள், விழும். இப்போது கிளட்ச்சைப் பிடித்தபடி வண்டியைக் காலால் முன்னும் பின்னும் தள்ளுங்கள், உருளும். தள்ளிக்கொண்டே லிவரை மயிரிழை மயிரிழையாக விடுங்கள். ஓரிடத்தில் வண்டி கெட்டியாகி, கயிற்றில் கட்டிய மாடு போல நின்றுவிடும். அதுதான் பிடிக்கும் இடம். அங்கே உங்கள் விரல் கணுக்கள் எங்கே இருக்கின்றன, லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பாருங்கள். முழுவதும் பிடித்து மறுபடி தேடுங்கள். இருபது தடவை பார்த்துச் செய்துவிட்டு, இருபது தடவை பார்க்காமல் செய்யுங்கள்.

அடுத்தது இஞ்சினோடு, ஆனால் ஆக்சிலேட்டர் இல்லாமல். வலது கையை ஆக்சிலேட்டரில் வைக்கவே வேண்டாம், முன் பிரேக் லிவரின் மேல் மட்டும் இருக்கட்டும். வண்டியை இரண்டு நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். முதல் கியர். பிடிக்கும் இடம் வரை விடுங்கள், வண்டி ஓர் அடி நகரட்டும், உடனே கிளட்ச்சைப் பிடித்துக் காலாலேயே பின்னால் தள்ளி வாருங்கள். இதை ஒரு முப்பது தடவை. ஆஃப் ஆகாமல் தொடர்ந்து பத்து தடவை வந்தால் அடுத்த கட்டம்: அதே இடத்தில் கையை நிறுத்தி, வண்டி இழுக்க இழுக்க நீங்கள் இரண்டு பக்கமும் கால் வைத்து நடங்கள், முப்பது நாற்பது அடிக்கு. பிறகு காலை ஃபுட் ரெஸ்ட்டில் தூக்கி வைத்து அதே தூரம். ஆக்சிலேட்டர் இல்லாமலே வண்டி நகரும் என்று தெரிந்ததும் பாதிப் பயம் போய்விடும்.

அன்றைக்கு இது போதும். இடது கை வலித்தால் நிறுத்திவிடுங்கள், சோர்ந்த கை தானாக விட்டுவிடும்.

எங்கே பழகுவது நல்லது?

ஊரைச் சுற்றி பிளாட் போட்டு வீடு எழும்பாமல் கிடக்கும் மனைப்பிரிவுகள் நிறைய. உள்ளே தார் ரோடு போட்டிருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை, உரிமைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மண் ரோடு என்றால் சரளைக் கல் இல்லாத இடமாகப் பாருங்கள். பாலாற்று மணல் வேண்டவே வேண்டாம். மணலில் சக்கரம் புதைவதால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கைக்குப் புரியாது, முன் சக்கரமும் இழுத்துக்கொண்டு போகும். கோட்டையைச் சுற்றியுள்ள ரோடு அதிகாலையில் காலியாக இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் நடைப்பயிற்சிக்கு வருபவர்களும் பஸ்களும் இருக்கும் இடம். முதல் வாரத்துக்கு ஆகாது. சர்வீஸ் ரோடும் அப்படித்தான், எதிரில் வண்டி வரும்.

நேரம் காலை 6 முதல் 8. அக்னி நட்சத்திர காலத்தில் எட்டு மணிக்கு மேல் ஹெல்மெட்டுக்குள் தலை கொதிக்கும், கவனம் நிற்காது.

ஆக்சிலேட்டர் எவ்வளவு கொடுக்கணும்?

நினைப்பதில் பாதி. ஆர்.பி.எம். மீட்டர் இருந்தால் கிளம்புவதற்கு 2,000 முதல் 2,500 வரை தாராளம். மீட்டர் இல்லாத வண்டியில் ஒரு வழி: கைப்பிடி ரப்பரிலும், அது தொட்டுக்கொண்டிருக்கும் சுவிட்ச் பெட்டியிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். முறுக்கும்போது இரண்டு கோடும் விலகும். சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு விலகினால் போதும். அதில் முதல் சில மில்லிமீட்டர் வயரின் தளர்ச்சியிலேயே போய்விடும், மிச்சம்தான் இஞ்சினுக்குப் போகிறது.

வரிசை இதுதான்: முதலில் ஆக்சிலேட்டரை அந்த அளவுக்குத் திறந்து, கையை அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கிளட்ச்சைப் பிடிக்கும் இடம் வரை கொஞ்சம் சுறுசுறுப்பாகவே விடலாம். அங்கே நிறுத்துங்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணும் நேரம். வண்டி தன் நீளத்துக்கு இரண்டு மடங்கு நகர்ந்திருக்கும். இப்போது மிச்சத்தை விடுங்கள், பிறகுதான் ஆக்சிலேட்டரைக் கூட்டுங்கள். வேகத்தை இடது கை பார்த்துக்கொள்ளட்டும், வலது கை தொடக்கத்தில் அசையவே கூடாது. இரண்டு கையையும் சேர்த்து ஆட்டினால் எது கெடுத்தது என்றே தெரியாது.

வண்டி திடீர்னு சீறிக்கிட்டுப் போகுது. ஆக்சிலேட்டரை விடணும்னு தெரிஞ்சும் விட முடியலையே?

உங்கள் மூளை மந்தமில்லை, மணிக்கட்டு தப்பான இடத்தில் இருக்கிறது. வண்டி தவ்வும்போது உடம்பு பின்னால் சாயும். கை கைப்பிடியைப் பிடித்துத் தொங்கும். மணிக்கட்டு கீழே இறங்கும், ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். வண்டி இன்னும் சீறும், உடம்பு இன்னும் சாயும். ஒரு நொடிக்குள் இது ஒரு வட்டமாகச் சுற்றிக்கொள்கிறது.

மணிக்கட்டை மேலே தூக்கி, கைப்பிடியைக் குத்துவது போலப் பிடிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. மேலேயிருந்து கீழே இறங்க அவர்களுக்கு நிறைய தூரம் இருக்கிறது. ஆக்சிலேட்டர் மூடியிருக்கும்போதே உங்கள் புறங்கையும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு பிடித்துப் பாருங்கள். இப்படிப் பிடித்தால் மணிக்கட்டு எவ்வளவு இறங்கினாலும் ஆக்சிலேட்டர் கொஞ்சம்தான் திறக்கும். முழங்கை மடங்கியிருக்கட்டும். டேங்கை முட்டியால் அணைத்துக்கொண்டால் உடம்பு பின்னால் சாயாது.

தப்பிக்கும் வழி இடது கையில் இருக்கிறது. ஆக்சிலேட்டர் என்ன ஆனாலும் கிளட்ச்சை முழுவதும் இழுத்துவிட்டால் சக்கரத்துக்கு இழுவை போய்விடும். இஞ்சின் கத்தும், கத்தட்டும். வண்டி உருண்டு நிற்கும், பின் பிரேக்கை மிதியுங்கள். "பயம் வந்தால் இடது கை மூடணும்" என்பதை நின்ற வண்டியில் ஐம்பது தடவை பழகுங்கள். சொல்லித் தருபவர் "கிளட்ச்!" என்று கூப்பிட்ட உடனே கை மூட வேண்டும். மைதானத்தில் கிளம்பும் முன் இதைத் தினமும் செய்யுங்கள்.

நான் பல வருஷமா ஸ்கூட்டி ஓட்டுறேன். எனக்கு ஈஸிதானே?

பேலன்ஸ் ஈஸி. இடது கைதான் ஆபத்து. ஸ்கூட்டரில் இடது லிவர் பின் பிரேக், பைக்கில் அது கிளட்ச். அவசரத்தில் பழைய பழக்கம் இடது லிவரை இழுக்கும். வண்டி நிற்பதற்குப் பதிலாக இஞ்சின் பிடிமானமும் விட்டுப்போய், அவிழ்த்துவிட்டது போல உருளும். அதனால் ஸ்கூட்டரிலிருந்து வருபவர்கள் கிளம்புவதைவிட நிற்பதை அதிகம் பழக வேண்டும்: 20 கி.மீ. வேகம், வலது கால் பின் பிரேக், வலது கை முன் பிரேக், கடைசியில் கிளட்ச். நாற்பது தடவையாவது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரே நாளில் இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டாமல் இருப்பது நல்லது.

டி.வி.எஸ். எக்ஸ்.எல். மொபெட் ஓட்டியவர்களுக்கும் இது பொருந்தும். அதில் கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்கிறது, கைக்கு வேலையே கிடையாது.

பிரேக் பிடிக்கும்போது கிளட்ச்சையும் சேர்த்துப் பிடிக்கணுமா?

வேண்டாம். முதலில் பிரேக். இஞ்சினும் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, அந்த உதவியை விடாதீர்கள். வேகம் குறைந்து வண்டி திணறப் போகும்போது கிளட்ச்சைப் பிடித்தால் போதும். எதிரில் திடீரென்று ஆடு வந்து, மொத்தமாக நிறுத்த வேண்டும் என்றால் மட்டும் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கலாம்.

கியர் மாற்றும்போது ஒவ்வொரு தடவையும் ஜெர்க் வருது.

கியர் ஏற்றும்போது மூன்று வேலை: ஆக்சிலேட்டரை மூடுவது, கிளட்ச்சைப் பிடிப்பது, கியர் மிதிப்பது. மூடுவதற்கு முன் கிளட்ச்சைப் பிடித்தால் இஞ்சின் "விர்"ரென்று கத்தும். மூடிவிட்டு ரொம்ப நேரம் கழித்துக் கிளட்ச்சை விட்டால் இஞ்சின் அடங்கிப்போய், விடும்போது வண்டி பின்னால் இழுக்கும். ஆக்சிலேட்டரை மூடுவதும் கிளட்ச்சைப் பிடிப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஓடும் வண்டியில் லிவரை முழுவதும் இழுக்கக்கூடத் தேவையில்லை, பிடிக்கும் இடத்தைத் தாண்டினால் போதும்.

100 சிசி வண்டிக்குத் தோராயமாக 10 முதல் 15 கி.மீ. வேகத்தில் இரண்டாவது, 25 வாக்கில் மூன்றாவது, 40 வாக்கில் நான்காவது. மேட்டிலோ பின்னால் ஆள் இருந்தாலோ இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

கியர் இறக்கும்போது ஜெர்க் வருவதற்குக் காரணம் நேர் எதிர்: கீழ் கியரில் அதே வேகத்துக்கு இஞ்சின் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், நீங்கள் அதை அடங்கிய நிலையில் கொண்டுபோய் இணைக்கிறீர்கள். பழகும் காலத்தில் வேகத்தை பிரேக்கால் நன்றாகக் குறைத்துவிட்டு இறக்குங்கள், கிளட்ச்சைப் பிடிக்கும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி விடுங்கள். கிளட்ச் லிவரைப் பிடித்திருக்கும் நேரத்தில் ஆக்சிலேட்டரைச் சற்றே தட்டி விடுவது பிறகு தானாக வரும்.

ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்ப்ளெண்டரில் எல்லா கியரும் முன்னால் கீழே மிதிப்பது. பல்சர் போன்றவற்றில் ஒன்று கீழே, மற்றவை மேலே. நண்பரின் வண்டியை வாங்கினால் கிளம்பும் முன் இதைக் கேளுங்கள்.

ஆர்.டி.ஓ. டெஸ்ட்டில் எட்டு போடும்போது கால் ஊனிடுறேன்.

எட்டில் விழுபவர்கள் பெரும்பாலும் ஆக்சிலேட்டரை மூடித் திறந்து வேகத்தைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். மூடியதும் வண்டி உள்பக்கம் சரியும், திறந்ததும் வட்டத்தை விட்டு வெளியே ஓடும். முதல் கியர். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து அப்படியே பூட்டியது போல வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் பிடிக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வலது கால் பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே இருக்கட்டும். வேகம் வேண்டுமென்றால் கிளட்ச்சை நூல் அளவு விடுவது, குறைய வேண்டுமென்றால் நூல் அளவு பிடிப்பது. முன் பிரேக்கைத் தொடவே கூடாது, ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி அப்படியே படுத்துவிடும். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, அடுத்த வளைவின் தொலைவில் இருக்க வேண்டும்.

இதற்கு முன்பயிற்சியாக மெதுவோட்டம் பழகுங்கள். இருபது மீட்டருக்கு இரண்டு செங்கல். அந்த தூரத்தைக் கால் ஊன்றாமல் எவ்வளவு மெதுவாகக் கடக்க முடியும் என்று பாருங்கள். 15 வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்ள முடிந்தால் எட்டு பெரிய விஷயமில்லை.

காட்பாடி மேம்பாலத்தில் ஏறும்போது டிராஃபிக் நின்னுடுது. கிளம்பும்போது வண்டி பின்னால போகுது, பின்னாடி பஸ் நிக்குது!

காட்பாடி பாலம் ஏறுபவர்கள், வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் மாட்டிக்கொள்பவர்கள் எல்லாருக்கும் இந்தப் பயம் உண்டு. வழி எளிது. நிற்கும்போது இடது காலை ஊன்றி, வலது காலால் பின் பிரேக்கை அழுத்தியே வைத்திருங்கள். வண்டியை நிறுத்துவது பிரேக்கின் வேலை, கிளட்ச்சின் வேலை இல்லை.

முன்னால் உள்ள வண்டி நகர்ந்ததும் ஆக்சிலேட்டரைச் சமதளத்தைவிடக் கொஞ்சம் கூடத் திறந்து, கிளட்ச்சைப் பிடிக்கும் இடம் வரை விடுங்கள். இஞ்சின் சத்தம் கனத்து அடங்கும், வண்டி பிரேக்கை எதிர்த்து முன்னால் முண்டும். அந்த முண்டல் உங்கள் இருக்கைக்குத் தெரியும். தெரிந்த பிறகே பிரேக் காலை எடுங்கள். வண்டி பின்னால் ஓர் அங்குலம் கூடப் போகாது. ஆஃப் ஆகிவிட்டாலும் பிரேக் பிடித்திருப்பதால் ஒன்றும் ஆகாது, கிளட்ச்சைப் பிடித்து செல்ஃபை அழுத்துங்கள். முதலில் ஏதாவது ஒரு சிறிய சரிவில் இருபது தடவை பழகிவிட்டுப் பாலத்துக்குப் போங்கள்.

லிவரை எத்தனை விரலால் பிடிக்கணும்?

பழகும்போது நான்கும். கை பழகிய பின் இரண்டு போதும், லிவர் மற்ற விரலை நசுக்காமல் இருந்தால்.

தப்பு என் மேலயா, வண்டி மேலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நல்ல கேள்வி. வீட்டில் கிடக்கும் பழைய வண்டியில் பழகும் பலர், வண்டியின் நோயைத் தங்கள் கையின் குற்றம் என்று நினைத்து மனம் உடைகிறார்கள்.

முதலில் கிளட்ச் வயரின் தளர்ச்சி, மெக்கானிக்குகள் "பிளே" என்பது. லிவரின் நுனியை விரலால் தொட்டு இழுங்கள். பாரம் தெரிவதற்கு முன் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா அசைய வேண்டும் (உங்கள் வண்டியின் புத்தகத்தில் துல்லியமான அளவு இருக்கும்). சும்மா அசைவதே இல்லை என்றால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாகத்தான் பிடித்திருக்கும். அதிகமாக அசைந்தால், முழுவதும் இழுத்தாலும் பிளேட் விலகாது: கியர் "டக்"கென்று அடித்து விழும், நிற்கும்போது நியூட்ரல் கிடைக்காது, லிவரை இழுத்துப் பிடித்திருந்தும் வண்டி முன்னால் ஊரும். சரிசெய்ய, லிவர் அருகே வயர் நுழையும் இடத்தில் உள்ள பூட்டு வளையத்தைத் தளர்த்தி, திருகை வெளியே திருப்பினால் தளர்ச்சி குறையும், உள்ளே திருப்பினால் கூடும். மறுபடி பூட்டி, ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள், அளவு மாறக் கூடாது. திருகு தீர்ந்துபோனால் இஞ்சின் பக்கம் உள்ள நட்டில் சரிசெய்ய வேண்டும்.

அடுத்து பிளேட் வழுக்கல். மேல் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரை நன்றாகத் திறங்கள். இஞ்சின் சத்தம் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் பிளேட் வழுக்குகிறது. பிளே இல்லாதது, தேய்ந்த பிளேட், களைத்த ஸ்பிரிங், தவறான ஆயில் என்று காரணங்கள் நான்கு. காருக்கு ஊற்றும் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்திருக்கலாம், அது நனைந்த கிளட்ச்சுக்கு எதிரி. டப்பாவில் "ஜாஸோ எம்.ஏ." அல்லது "எம்.ஏ.2" என்று இருக்கிறதா பாருங்கள்.

ஆக்சிலேட்டரைத் திறந்து கையை எடுத்தால் அது தானாகத் திரும்பி மூட வேண்டும், ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும். ஒட்டிக்கொண்டால் அந்த வண்டியில் பழகவே வேண்டாம், முதலில் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். லிவர் முனையில் கிளட்ச் வயரின் இழைகள் பிரிந்து முள் போல நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் காத்திருக்கக் கூடாது, அடுத்த நெரிசலில் அறுந்துவிடும்.

காலையில் முதல் கியர் போட்டதும் வண்டி சற்றுத் தவ்வுவது மட்டும் நோய் இல்லை. இரவில் கெட்டியான ஆயில் பிளேட்டுகளை ஒட்டவைத்திருக்கும், சூடானதும் சரியாகிவிடும்.

பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டியில் பழகுவது சுலபமா?

கொஞ்சம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும்) வண்டிகள், ஆக்சிலேட்டர் தொடாமல் கிளட்ச் விடும்போது இஞ்சின் அவ்வளவு சீக்கிரம் அணையாது. பலவற்றில் சைடு ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் கியர் போட்டதும் ஆஃப் ஆகும். "கிளட்ச்சே விடலை, ஆஃப் ஆகுது" என்பவர்கள் முதலில் ஸ்டாண்டைப் பாருங்கள்.

சொல்லித் தருபவர் என்ன செய்யணும்?

பின்னால் உட்கார வேண்டாம், கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். இடது பக்கம் இரண்டு அடி தள்ளி நின்று, கிளட்ச் கையைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சொல்தான்: "விடு", "நிறுத்து", "பிடி". "ஆக்சிலேட்டர் குடு, கிளட்ச் விடு, நேரா பாரு" என்று ஒரே மூச்சில் கத்தினால் பிள்ளை எதையும் கேட்காது. ஆஃப் ஆனால் திட்டாதீர்கள். மெதுவாக விட்டு ஆஃப் ஆக்குபவர் சட்டென்று விட்டுக் கிளப்புபவரைவிட நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) இல்லாமல் மைதானத்தில் பழகலாமா?

எடுத்துவிட்டே பழகுங்கள். கியர் வண்டிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். முன்னும் பின்னும் 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பலகையில் சிவப்பு "எல்" இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள பயிற்றுநர் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. 18 ஆகாத பிள்ளை ரோட்டில் ஓட்டிச் சிக்கினால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. ஹெல்மெட் மைதானத்திலும் வேண்டும், நாடாவைப் பூட்டி. முதல் நாள் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

எப்போது ஏலகிரி போகலாம்?

14 கொண்டை ஊசி வளைவு. மேலே சொன்ன மேட்டுக் கிளம்பலும், மெதுவோட்டமும், கியர் இறக்குவதும் யோசிக்காமல் வரும்போது போங்கள். ஏறும்போது வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறங்கிவிடுங்கள். வளைவின் நடுவில் வண்டி திணறி, அப்போது கிளட்ச்சைத் தேடினால் இழுவை அறுந்து உள்பக்கம் சரியும். அப்படித் திணறிவிட்டால் கிளட்ச்சை முழுவதும் பிடிக்காமல், பிடிக்கும் இடத்துக்கு மட்டும் கொண்டுவந்து ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டுங்கள், வண்டி எழுந்துகொள்ளும்.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பண்ணலாம் என்று நியூட்ரலிலோ கிளட்ச் பிடித்தோ உருட்டாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், இஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக் விட்டு விட்டுப் பிடித்தால் போதும். பிரேக் பிடித்துக்கொண்டே வந்து கருகல் வாடை அடித்தால், வளைவில் நிற்காமல், அடுத்த நேரான இடத்தில் ஓரம் கட்டி டிரம்மோ டிஸ்க்கோ ஆறும் வரை கால் மணி நேரம் நின்றுவிட்டுப் புறப்படுங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் பொசுங்கிவிடும்.